மார்கழிக்கு ஆறு புட்டி

மதுரை, சிம்மக்கல்
தாது வருஷம், ஐப்பசி 5

மேலூர் மருத்துவச்சி செல்லக்கிளி அம்மாள் அவர்களுக்குச் சாரதாம்பாள் எழுதுவது.

முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. எனக்கு இன்றைக்கு அந்த முறை வரவில்லை, மன்னிக்க வேண்டும். மூன்று வருஷமாக, ஐப்பசி பிறந்ததும் வந்து தை முடிகிற வரைக்கும் உங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கிறாரே சுங்குடிச் சேலை வியாபாரி, அவருடைய மனைவி நான். சுற்றுப்பட்டுச் சந்தைகளில் பொங்கலுக்குச் சேலை விற்க அவருக்கு மேலூர்தான் வசதி. விடியற்காலைப் பனியில் பஸ் ஏறி இறங்கினால் அவருக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். அதனால்தான் அங்கே தங்கச் சம்மதித்தேன். வேறு எதற்கும் சம்மதிக்கவில்லை.

அவருடைய இழுப்புக்காக வருஷா வருஷம் என் கையால் திராட்சை அரிஷ்டம் போடுகிறேன். உலர்ந்த திராட்சையைக் கஷாயமாக்கி, வெல்லம் போட்டு, பானை வாயை மண் தோய்த்த சீலைத் துணியால் மூடிப் பூசி நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மாதம் புதைத்து வைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது இந்த வருஷத்து முதல் புட்டியைத் திறந்து, சுடச்சுட வெந்நீர் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எங்கள் பட்டுநூல்காரர் பாஷைதான் பேசுவோம். அன்றைக்கு மட்டும் அவர் தமிழில், எனக்கு உறைக்க வேண்டும் என்றே, "மேலூர்ல அந்தம்மா ஒண்ணு குடுக்குது பாரு. உள்ள போன உடனே நெஞ்சு தொறந்துக்குது. இது என்ன, பழைய மோர் மாதிரி?" என்றார்.

அவர் துண்டைத் துவைக்கப் போட்டபோது முகர்ந்து பார்த்தேன். கருப்பட்டி, மிளகு, அதற்கு மேலே இன்னொரு வாசனை. நான் பச்சைக் குழந்தை இல்லை. நீங்கள் என் வீட்டுக்காரருக்குச் சாராயம் கொடுக்கிறீர்கள். நாங்கள் ஆசாரம் உள்ள குடும்பம். கள்ளச் சாராயம் பிடிக்கிற அப்காரி இன்ஸ்பெக்டருக்கு ஒரு கார்டு எழுதிப் போட எனக்கு நேரம் ஆகாது. நாளையிலிருந்து அவருக்கு எதையும் கலக்கிக் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டினால் அது உங்கள் கௌரவத்துக்கு அழகல்ல.

சாரதாம்பாள்

—

மேலூர்
24-10-1936

சாரதாம்பாள் அம்மாள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஹரிநாராயணனுக்குக் காட்டவில்லை. காட்டினால் சிரித்திருப்பார், அது உங்களுக்குத்தான் கஷ்டம்.

நான் கொடுப்பது பேறுகால மருந்து. கருப்பட்டி, சுக்கு, மிளகு, திப்பிலி, வேலம்பட்டை, இவ்வளவுதான். பானையில் ஊற வைத்து இருபது நாள் மூடி வைக்கிறேன். அடுப்பில் ஏற்றிச் சாராயம்போல ஆவியில் வடிப்பதில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு சில்லிட்டுப் போகாமல் இருக்க ஒரு உள்ளங்கை அளவு கொடுப்பேன். பனிக் காலத்தில் இருமுகிறவர்களுக்கும் கொடுப்பேன். உங்கள் வீட்டில் பானைக்குள் புளித்தால் அரிஷ்டம், என் வீட்டில் புளித்தால் சாராயமா அம்மா? அப்காரிக்காரர்களைத் தாராளமாக அனுப்புங்கள். மூக்கை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் என் வீட்டோடு நிற்க மாட்டார்கள். சிம்மக்கல்லுக்கும் வந்து உங்கள் நெல் மூட்டைகளைப் புரட்டுவார்கள்.

இந்த வருஷம் இங்கே வந்த முதல் நாளே அவருக்கு இழுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோணை என்று ஒரு வண்டிக்காரர், சேலை மூட்டை இறக்க வந்தவர், "ஆத்தா, இந்த மனுசன் போயிருவாரு போலிருக்கு, ஏதாச்சும் குடு" என்று சத்தம் போட்டார். கொடுத்தேன். யாருடைய புருஷன் என்று விசாரித்துவிட்டு மருந்து கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இன்னொன்று. எட்டு வருஷமாகியும் உங்களுக்குக் குழந்தை இல்லை என்று அவர் சொல்லித் தெரியும். உங்கள் கோபமெல்லாம் அந்த வருத்தத்தில் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

செல்லக்கிளி

—

மதுரை
ஐப்பசி 12

செல்லக்கிளி அம்மாள் அவர்களுக்கு,

அவர் பெயரை எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! முழுப் பெயர், ஓர் எழுத்துக் குறையாமல். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, ஒரு காகிதத்தில் எழுதியதில்லை. பெருமாள் கோவிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். நீங்கள் கூப்பிடும்போதும் அப்படித்தான் கூப்பிடுவீர்களா? அவர் திரும்பிப் பார்ப்பாரா? உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் போகட்டும், இந்த ஒன்றுக்காக நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

குழந்தை இல்லை என்பதை உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் மருத்துவச்சி, சொல்லியிருக்கலாம். வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் அவருக்கு இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு நடக்கிறது. என் மாமியார் என் காதில் விழும்படியாகவே பேசுகிறார். அவர் வேண்டாம் என்றும் சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை. இன்னொருத்தி வந்தால் எனக்கு மிஞ்சுவது அடுப்படியும் சாயம் போன புடவையும்தான். அவருக்கு மூச்சு முட்டும்போது நான் கொடுப்பதைக் குடிக்கிறார் என்ற ஒன்றுதான் இந்த வீட்டில் எனக்கு இருக்கிற இடம். அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் எங்கே போவேன்?

நீங்கள் மதமதவென்று இருப்பீர்களோ, ஒல்லியாக இருப்பீர்களோ, எதுவும் தெரியாமல் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலைப் பஸ்ஸில் கண்டக்டர் கருத்தக்கண்ணனிடம் என் அரிஷ்டத்தில் ஒரு புட்டி கொடுத்தனுப்புகிறேன். குடித்துப் பார்த்துவிட்டு உண்மையை எழுதுங்கள். மருந்து கொடுக்கிறவள் மருந்து விஷயத்தில் பொய் சொல்ல மாட்டாள் என்று நம்புகிறேன்.

சாரதாம்பாள்

—

மேலூர்
2-11-1936

அம்மாள் அவர்களுக்கு,

புட்டி வந்தது. குடித்தேன். முகம் சுளித்தேன். இது அரிஷ்டம் இல்லை, காடி. இதில் ஊறுகாய்தான் போடலாம். அவர் பழைய மோர் என்றது மரியாதைக்குச் சொன்னது.

கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தாதகிப் பூ என்று காய்ந்த சிவப்புப் பூ கொடுப்பார்களே, அதைக் கழுவினீர்களா? கழுவியிருப்பீர்கள். மடியாக இருக்க வேண்டும், கடைக்காரன் கை பட்டது, தெருப் புழுதி என்று மூன்று தண்ணீரில் அலசி, அது போதாது என்று கொதிக்கிற கஷாயத்திலேயே போட்டிருப்பீர்கள். அந்தப் பூவில் ஒட்டியிருக்கிற தூசியில்தான் அம்மா எல்லாம் இருக்கிறது. சர்க்கரையைப் பொங்க வைத்துச் சூடாக்குவது அதுதான். ஆசாரத்தில் அதைக் கொன்றுவிட்டு வெறும் பானைக்குக் காவல் இருந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, நடுவில் திறந்து பார்த்தீர்களா? அதையும் செய்திருப்பீர்கள். புருஷன் ஊரில் இல்லாதவள், மனசு ஒரு இடத்தில் நிற்காது, தினம் சீலையைப் பிரித்துத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் பட்டால் காடி ஆகாமல் என்ன ஆகும்?

பூவைக் கழுவாதீர்கள். கஷாயம் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகு போடுங்கள். முப்பது நாள் பானையை மறந்துவிடுங்கள்.

இதை ஏன் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் என் மருந்தைத்தானே குடித்துக்கொண்டிருப்பார்?

நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நூல்காரரே" என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு முப்பத்தாறு வயது. ஒல்லி. வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

செல்லக்கிளி

—

மதுரை
கார்த்திகை 22

செல்லக்கிளி அம்மாளுக்கு,

இரண்டு வரி எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. ஜெயித்துவிட்டேன்!

ஐப்பசி இருபதாம் தேதி பானையை மூடினேன். பூவைக் கழுவாமல் போடும்போது வாய் பெருமாளே பெருமாளே என்றது. பிறகு பத்து நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் விளக்குமாறு எடுக்கப் போனவள் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ முணுமுணுக்கிற மாதிரி சத்தம். திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை. முந்தாநாள் சீலையைப் பிரித்தபோது வந்த வாசனையில் என் மாமியாரே அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்கே அவரும் வந்தார். கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நெற்றியில் வேர்த்தது. எங்கள் பாஷையில், "இதை யார் செய்தது?" என்று கேட்டார். "யாரோ ஒரு பொம்பளை" என்றேன். சிரித்தார். போன ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை. நானும் ஒரு கரண்டி குடித்தேன். காது மடல் வரைக்கும் வெதுவெதுவென்று இருந்தது. இதற்காகவா இவ்வளவு நாளும் உங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று நினைத்தேன், பாதி கோபம் போய்விட்டது.

மார்கழிப் பனிக்கு என்று ஆறு புட்டி கேட்டார். கொடுத்தனுப்பினேன். ஆறு எதற்கு, நீங்களும் பங்கு கேட்பீர்களா என்று மனசுக்குள் ஒரு முள். கேட்டால் ஒரு கரண்டி தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் மருந்தோடு கலந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு புட்டி வாயிலும் நானே முடிச்சுப் போட்ட சுங்குடித் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். அரக்கு நிறம், ஓரத்தில் இரட்டைப் புள்ளி வரிசை. பார்த்தால் தெரியும், அது சாரதா வீட்டுச் சரக்கு என்று.

இனி அவருக்கு உங்கள் பானை தேவைப்படாது.

சாரதாம்பாள்

—

மேலூர்
10-12-1936

அம்மாள் அவர்களுக்கு,

என்னைச் சீண்டுவதற்காக எழுதினீர்களா, நிஜமாகவே எழுதினீர்களா என்று தெரியவில்லை. அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் ஒரு புட்டியும் இல்லை. சேலை மூட்டையும் குடையும்தான். அரக்குத் துணியும் இல்லை, வெள்ளைத் துணியும் இல்லை. அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். இப்படி ஒரு வேலையை இதற்கு முன் நான் செய்ததில்லை, உங்களால் செய்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல என் மருந்துதான் கேட்டார். கொடுத்தேன். மனசுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். கண்ணை மூடிக் குடித்தாராம், வேர்த்ததாம், சிரித்தாராம். இதையெல்லாம் எனக்கு எழுத வேண்டுமா? செய்முறை சொல்லிக் கொடுத்தவள் நான்.

இன்னும் ஒன்று கேளுங்கள். உங்களிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்து அரை டம்ளர் குடித்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார். நான் கதவுக்கு உள்ளே அரிசி புடைத்துக்கொண்டு கேட்பேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசுவார். அதற்கு மேல் எதுவும் கிடையாது, நீங்கள் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சத்தியம் கேட்கலாம். ஆனால் தை மாதம் அவர் அறையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, ஐப்பசி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு விதவை இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

புட்டி எங்கே என்று அவரிடம் நீங்களே கேளுங்கள். நான் கேட்க முடியாது.

செல்லக்கிளி

—

மேலூர்
19-12-1936

அம்மா,

உங்கள் பதில் வரவில்லை. என் போன கடிதம் பிடிக்காமல் இருக்கலாம். இதைக் கட்டாயம் படியுங்கள், தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுக் காலை கடைத்தெரு நூல் கடை சௌரிராஜன் வீட்டில் கூப்பிட்டார்கள். உங்கள் பாஷைக்காரர்கள். மூத்த மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எல்லாம் முடிந்து கை கழுவிவிட்டு, அவளுக்குச் சூடாக ஏதாவது கொடுக்கலாமே என்று என் பையைத் திறந்தேன். அந்த வீட்டு அம்மாள், "வேண்டாம் செல்லக்கிளி, நல்ல அரிஷ்டமே இருக்கு" என்று அலமாரியைத் திறந்தாள்.

ஆறு புட்டி. அரக்குத் துணி. இரட்டைப் புள்ளி.

எங்கே வாங்கியது என்று கேட்டேன். குரலை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொண்டேனோ தெரியாது. "வாங்கலடி, எங்க சின்னவ லலிதாவுக்கு மாப்ள வீட்டுல இருந்து வந்தது. தை பிறந்து கல்யாணம். ரெண்டாந்தாரந்தான், ஆனா மூத்தவ நல்ல மனசுக்காரி. அவளே சந்தோசமாச் சம்மதிச்சு, தன் கையால செஞ்சு அனுப்பியிருக்கா பாரு. அவ சம்மதம் இல்லாம என் வீட்டுக்காரரு பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. இதைப் பாத்த பொறகுதான் வெத்தலை மாத்துனோம்" என்றாள்.

மாப்பிள்ளை யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை. லலிதாம்பாளுக்குப் பதினேழு வயது இருக்கும்.

சாயங்காலம் அவர் வாசல்படிக்கு வந்து உட்கார்ந்தார். "மருந்து தீர்ந்துபோச்சு" என்றேன். பானை நிறைய இருந்தது. அவரை நினைத்து எரிந்ததா, உங்களை நினைத்து எரிந்ததா, எனக்காக எரிந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருஷம் அந்தப் படியில் உட்கார்ந்து பேசியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே அம்மா.

மார்கழி முடிய இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது. சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

செல்லக்கிளி

—

மதுரை
மார்கழி 13

செல்லக்கிளிக்கு,

வெள்ளிக்கிழமை மேலூருக்கு வந்தேன். உங்கள் வாசலைத் தாண்டித்தான் போனேன். வண்டிக்காரரிடம் கேட்டு வீட்டைத் தெரிந்துகொண்டேன். நீங்கள் வாசலில் நின்று ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒல்லி என்று எழுதினீர்கள், அழகு என்று எழுதவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டேன். உள்ளே வந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது சண்டை போட்டிருப்பேன். இரண்டுக்கும் எனக்கு அன்றைக்கு நேரம் இல்லை.

சௌரிராஜன் வீட்டில் என்னை யார் என்று தெரியாமல் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார்கள். "சிம்மக்கல் சாரதா" என்றேன். அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வாம்மா, நீயே வந்துட்டியா! மகராசி, ஒன் மனசு யாருக்கு வரும்" என்று என் கன்னத்தைத் தடவினாள். எங்கள் பாஷையில் பேசினாள், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அந்தக் கை பட்டபோது, பேசாமல் தாம்பூலம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லவள் என்ற பெயராவது மிஞ்சும் அல்லவா?

அப்போது அந்தப் பெண் லலிதா வந்தாள். நமஸ்காரம் செய்தாள். எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை, இடுப்புக்குக் கீழே. பல்வரிசை, நிறம், எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் இந்த ஜடையைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்து கண்ணை மூடிக்கொண்டு குடித்துச் சிரித்திருக்கிறார்.

"நான் சம்மதம் சொல்ல வரலைம்மா. என் புட்டியை வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

அலமாரியைக் கையால் காட்டினேன். "அது என் வீட்டுக்காரருக்கு இழுப்புக்காகச் செஞ்சது. உங்களுக்கு அனுப்பல. எனக்கு இந்தக் கல்யாணம் தெரியாது" என்றேன். சௌரிராஜன் உள் அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் கறுத்துவிட்டது. "அப்படின்னா அவரு சொன்னது?" என்றார். "பொய்" என்றேன். எட்டு வருஷம் பெயர் சொல்லாதவள், கட்டினவரைப் பொய்யர் என்று அந்நியர் வீட்டுக் கூடத்தில் சொல்லிவிட்டேன்.

லலிதாதான் அலமாரியைத் திறந்து புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஒன்றில் பாதி குறைந்திருந்தது. "அக்காவுக்குப் பிரசவத்தன்னிக்குக் குடுத்தோம். நானும் ஒரு கரண்டி குடிச்சேன். நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்தது. புரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. ஏன் குடித்தாய் என்றுதான் கேட்கத் தோன்றியது.

ஆறையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். திறந்திருந்த புட்டி வழி முழுக்கக் கசிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "ஏம்மா, எங்கிட்டு இருந்து இம்புட்டு வாடை?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். ஒரு குடிகாரியைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாரதாம்பாள்

—

மேலூர்
2-1-1937

அம்மாளுக்கு,

நூல் கடைக்காரர் வெற்றிலையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. புதன்கிழமை உங்கள் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்தார். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்து, "நீதான எழுதுன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீயா?" என்றார் மறுபடியும். அவ்வளவுதான். இருமிக்கொண்டே வண்டி ஏறினார். குளிர் காற்று அடித்தது. ஒரு டம்ளர் கொடுக்கக் கை பரபரத்தது. கொடுக்கவில்லை.

நீங்கள் என் வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் போனது எனக்கு வருத்தம். வந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னறையைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவருக்குப் பேசிவிட்டேன். குடும்பத்தோடு வருகிறார்.

செல்லக்கிளி

—

மதுரை
தை 6

செல்லக்கிளிக்கு,

பொங்கல் ஆனது. அவர் வீட்டில்தான் இருக்கிறார். இங்கிருந்தே சந்தைகளுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டார். மாமியார் என்னோடு பேசுவதில்லை, நிம்மதி. பெண் பார்க்கிற பேச்சு இந்த வீட்டில் இனி எழாது. நான் எந்தக் கூடத்துக்கும் போய் நிற்பேன் என்று தெரிந்துவிட்டது.

தினம் சாயங்காலம் அரிஷ்டத்தைச் சுட வைத்துக் கொடுக்கிறேன். வாங்கிக் குடிக்கிறார். இழுப்புக் குறைந்திருக்கிறது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறார். பேச மாட்டேன் என்கிறார்.

முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை. சந்தைக்குப் போனதைக் கேட்டால் சொல்கிறார், சாப்பாடு போதுமா என்றால் போதும் என்கிறார். யோசித்துப் பார்த்தால் முன்னாலும் இப்படித்தான். எட்டு வருஷமும் இப்படித்தான். குடும்பத்து ஆண்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் பேசுகிறவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

நேற்று அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

எனக்கு அந்த லலிதா பேரில் இப்போது பொறாமை இல்லை. அவளுக்குப் போனது ஆறு புட்டி, அதையும் வாங்கி வந்துவிட்டேன். உங்கள் பேரில்தான் இன்னும் தீரவில்லை. மூன்று வருஷம், ஐப்பசியிலிருந்து தை வரைக்கும், எத்தனை சாயங்காலம்! எங்கள் பாஷையில் என்னிடம் சொல்லாததையெல்லாம் உங்களிடம் தமிழில் சொல்லியிருக்கிறார்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அப்படி என்னதான் பேசுவார்? நீங்கள் எழுதினால் நான் அதிலிருந்து பேச்சை எடுத்துப் பார்ப்பேன். எது கேட்டால் அவர் வாய் திறப்பார் என்று தெரிந்தால் போதும்.

சாரதா

—

மேலூர்
23-1-1937

சாரதாவுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்டபடியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எழுத ஆரம்பித்தேன். ஒரு தடவை முக்கால் பக்கம் எழுதிவிட்டேன். அதை அடுப்பில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களைக் குறை சொல்லியிருப்பாரோ என்று பயம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஒரு நாளும் சொன்னதில்லை. இருமல் அதிகமானால் ஆடாதோடை இலையையும் சேர்த்துக் கஷாயம் வையுங்கள். மாசி பிறந்ததும் அளவைக் குறைத்துவிடுங்கள், வெயிலுக்கு ஆகாது.

மற்றதைக் கேட்காதீர்கள். பூவைக் கழுவாதே என்று சொல்லிக் கொடுத்தேன். புட்டி எங்கே இருக்கிறது என்று எழுதினேன். ஆளையும் அனுப்பிவிட்டேன். அவர் பேசியதையும் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், சாயங்காலம் நான் எதை வைத்துக்கொண்டு அரிசி புடைப்பேன்?

செல்லக்கிளி